குலியாஷ் வைக்கோல் சுற்றிய கன்று

குலியாஷ் அல்மாட்டியில் டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் நட்ட அப்போர்ட் வகை ஆப்பிள் மரம் காற்றில் சாய்ந்த வருஷம், அதன் கிளையைக் காட்டு ஆப்பிள் கன்றில் தானே ஒட்டுக் கட்டினார். இரண்டு கையும் நிறைக்கும் அந்தப் பழம் தெருவில் வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லை. அந்தக் கன்று போனால் எல்லாம் போயிற்று.

குளிர்காலத்தில் மகளின் பிரசவத்துக்கு அஸ்தானா போக வேண்டியிருந்தது. கன்றின் தண்டுக்கு இதமாக வைக்கோல் சுற்றிக் கட்டிவிட்டு, அடுத்த வீட்டு உய்குர் பெரியவர் தோக்தியிடம் சொன்னார்.

“பனிக்கடியில எலி வளை போட்டு வரும் அண்ணே. கன்னைச் சுத்திப் பனியை மிதிச்சு விடுங்க.”

“எனக்கே பாடம் நடத்துறியா? போய்ப் பேரப்பிள்ளையைப் பாரு.”

பனி உருகத் தொடங்கும்போது குலியாஷ் திரும்பினார். வைக்கோலை அவிழ்த்தால், தண்டைச் சுற்றிலும் பட்டை இல்லை. வெள்ளைக் கட்டை தெரிந்தது.

“மிதிச்சீங்களா இல்லையா அண்ணே?”

தோக்தி வேலி தாண்டி வந்தார். சுற்றிலும் பனி கல்லாக இறுகிக் கிடந்தது. அவிழ்த்த வைக்கோலைப் பிரித்துக் காட்டினார், உள்ளே எலிக்கூடு.

“நான் வெளிய மிதிச்சேன். நீ உள்ள மெத்தை போட்டுக் குடி வச்சிருக்க.”

குலியாஷ் கன்றடியில் உட்கார்ந்து அழுதார்.

“அழுகையை அப்புறம் வச்சுக்க. மொட்டு இன்னும் விரியல. நுனியில நாலு குச்சி வெட்டிப் பனியில புதை, காயாம இருக்கும். பட்டை நெகிழட்டும், வர்றேன்.”

ஏப்ரலில் தோக்தி சொன்னபடி வந்தார். குச்சிகளின் இரு முனையையும் சீவி, காயத்துக்குக் கீழே ஒரு முனையையும் மேலே மறு முனையையும் பட்டைக்குள் செருகினார். இலையில் ஊறும் சத்து இனி இந்தப் பாலங்கள் வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும்.

“அன்னிக்குத் தப்பாப் பேசிட்டேன் அண்ணே.”

“பஸ்ல ஏறுனவங்களை நீ திட்டாத திட்டா? குச்சியை ஆடாம பிடி.”

மெழுகு பூசி முடித்தார்கள். ஜூன் முடிந்தும் இலை வாடவில்லை. குச்சிகள் தடித்துக்கொண்டே போயின. அன்றிலிருந்து சாப்பிட்டு முடித்துக் கையேந்தி வேண்டும்போது, பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் தோக்தியின் பெயரைச் சொல்வது குலியாஷின் வழக்கமாயிற்று.

ஒருநாள் அது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

“என்ன குலியாஷ், நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.”

“அதுக்குத்தான் வேண்டுறேன். காய்க்கும்போது நீங்க இருக்கணும்.”