பொம்மையின் தலைக்கு மேல் ஒரு பெயர்

என் கைப்பேசியில் ஒரு பொம்மைப் பெண் நிற்கிறாள். வெளிர்நீலப் பாவாடை சட்டை, வெறுங்கால், பூ வைக்காத தலை. அந்த விளையாட்டில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் முதல் நாள் கிடைக்கிற உடை அது. அவள் தலைக்கு மேல் ஒரு பெயர் மிதந்துகொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டால்தான் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடிகிறது.

பொம்மை என் அண்ணியுடையது; ஆட்டத்தில் நாங்கள் தோழிகளாகச் சேர்ந்திருப்பதால் என் கைப்பேசியிலும் தெரிகிறது. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் கற்பிக்கிறேன். ஒரு பிரபல நடிகையின் பெயரோடும் முகத்தோடும் வந்த கைப்பேசி விளையாட்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். கிராமத்துப் பெண் ஒருத்தி சினிமாவில் சேர நகரத்துக்கு வருவாள். உடை வாங்கி, படப்பிடிப்புக்குப் போய், ரசிகர்களைச் சேர்த்து, மெல்ல நட்சத்திரமாவாள். நடுநடுவே நடிகை தோன்றித் தன் சொந்தக் குரலில் "அசத்திட்டே தங்கச்சி" என்பார். பக்கத்திலேயே ஒரு குமிழுக்குள் ஆடுகிறவர் வைத்துக்கொண்ட பெயரும் எழுத்தில் வரும். அந்தக் குரல் எப்போது வருகிறது என்று கவனித்தேன். அலுத்துப்போய் மூடிவைக்கப் போகிற நேரம் பார்த்து வரும். பெரிய படப்பிடிப்புக்கு முன்னால் பொம்மையின் தெம்பு தீர்ந்துபோகும். காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். தன்னை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு நடிகையின் பெயரைத்தான் வளர்க்கிறோம் என்பது என் வாதம். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் வீடு குடவாசல் பக்கம். அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். வயலைப் பார்த்துக்கொள்வது அண்ணிதான். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு மோட்டார் கொட்டகைக்குப் போய், தண்ணீர் பாய்ந்து முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து இதை ஆடுவார். வீட்டில் ஆட முடியாது. புடவையைக் கொஞ்சம் மடிப்பெடுத்துக் கட்டினாலே அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "அவன் ஊர்ல இல்லாதப்ப யாருக்கு இந்த அலங்காரம்?" அம்மாவின் வாய்க்குப் பயந்து வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டோம். நானும் பேசவில்லை. வகுப்பில் பெண்ணுரிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவள்தான்.

அண்ணி ஆடுகிற விதம் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தெம்பு தீர்ந்தால் அலட்டிக்கொள்ள மாட்டார். "முறைத்தண்ணி மாதிரிதாங்க இது. நம்ம முறை வர்ற வரைக்கும் வரப்புல குந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பார். உடை வாங்கக் காசு சேர்ந்துவிட்டால் படப்பிடிப்புக்கே போகமாட்டார். பொம்மைக்குப் பட்டு கட்டுவார், வளையல் மாற்றுவார், தலை பின்னுவார். "இத்தனை பூ வெச்சிருக்கானுங்க, ஒரு கதம்பம் வைக்கத் தெரியலை பாருங்க" என்று கம்பெனிக்காரர்களைத் திட்டுவார்.

"படத்துல நடிக்க வைக்கலையா அண்ணி?"

"நடிச்சு என்ன ஆவப்போவுது? இவ நல்லா உடுத்திக்கிட்டு நின்னா போதும்."

புகழையே வேண்டாம் என்கிற ஓர் ஆட்டக்காரி! எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்குங்க. என் பேரு மட்டும் வேணாம்" என்றார். பேரை மாற்றிவிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

வாக்கைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் இருந்த அண்ணியின் பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், ஊரை மாற்றினேன், வளைகுடாவைச் சிங்கப்பூராக்கினேன். பொம்மையின் படத்தை மட்டும் அப்படியே போட்டேன். தலைக்கு மேலிருந்த பெயர், ஆட்டத்துக்காக அண்ணி கற்பனையாக வைத்துக்கொண்டது என்றே நம்பினேன். புது அடையாளத்துக்குப் புதுப் பெயர் சூட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு பத்தியே எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக் கருத்தரங்கில் அந்தப் படம் திரையில் தெரிந்தது. மேலே என் தலைப்பு: "கணவன் அருகில் இல்லாத பெண்ணின் அலங்கார ஆசை." பார்வையாளர்களில் ஒரு மாணவி அண்ணியின் பிறந்த ஊர்க்காரி, திருத்துறைப்பூண்டி பக்கம். கட்டுரை எழுதியது அண்ணியின் நாத்தனார் என்பதும் அவளுக்குத் தெரியும். போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அங்கிருந்து அது வளைகுடாவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். "என்னம்மா நடக்குது அங்க? ஊரே பாத்துச் சிரிக்குது."

பதறியடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணி கொட்டகையில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரை மாத்திடுவேன்னு சொன்னீங்களே" என்றார்.

"மாத்திட்டேன் அண்ணி. அது பொம்மை பேருதானே..."

"அதுதாங்க என் பேரு. எங்கப்பா வெச்சது. எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் எனக்கு அண்ணி, அம்மாவுக்கு 'ஏம்மா', அண்ணனுக்கு 'இந்தா'. பிறந்த வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை. நடிகை எப்போது வருவார் என்று கணக்குப் போட்டேனே தவிர, குமிழுக்குள் அவர் அண்ணியை என்னவென்று அழைத்தார் என்று யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி அண்ணியைக் கூப்பிட்டது அந்த நடிகை மட்டும்தான். என் ஆய்வில் அது இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். போட்டோவைத் திரும்பப் பெற முடியவில்லை. அண்ணனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ பண்ணது போதும்" என்று வைத்துவிட்டான். இப்போது அண்ணியிடம் இருப்பது பட்டன் போன். பழைய போனை அம்மா வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டாள். கொடுப்பதற்கு முன் அண்ணி பொம்மையின் பட்டுப்புடவையையும் வளையலையும் பூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். பெயரை மாற்ற மட்டும் அந்த ஆட்டத்தில் வழியில்லை. நான் ஊருக்குப் போனால் "வாங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்கிறார். கதம்பத்தைப் பற்றியெல்லாம் என்னிடம் பேசுவதில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருமுறை எழுதியது போதும்.

இன்று காலை ஆட்டத்தைத் திறந்தேன். நடிகை வந்தார். உன் தோழி வந்து ரொம்ப நாளாச்சே, பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். வெளிர்நீலப் பாவாடையில் பொம்மை நின்றது. கீழே 'கூப்பிடு' என்று ஒரு பொத்தான். என் கட்டைவிரல் பெயரின் மேல் இருந்தது. அதை எடுத்துப் பொத்தானை அழுத்தினாலும், அந்த அழைப்பு போய்ச் சேருகிற இடம் அம்மாவின் பீரோதான்.