அப்பா அசைந்த படம்

போன வாரம் மகள் வீட்டுப் பால்கனியில் நின்று ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவது மாடி. "அம்மா, கொஞ்சம் ஜருகும்மா" என்று என்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவள் கைபேசியை நீட்டி ஒரு தட்டுத் தட்டினாள். ஹைதராபாத்தின் இரவு முழுவதும் பளிச்சென்று அதில் விழுந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. நாங்கள் எடுத்த இரவுப் படத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமா?

அப்போது நான் இதே ஊரின் ஓரத்திலிருந்த குஷாய்குடாவுக்கு வந்த புதிது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டு சால்டரிங் புகை வாசம் போகாது. பக்கத்து மேசை நஸ்ரீனின் விரலிலும் அதே வாசம். அதனாலேயே சிநேகிதமானோமோ என்னவோ. அவளிடம் அவள் அண்ணனின் ஃபிலிம் கேமரா ஒன்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினார். தூக்குவாளி நிறைய முறுக்கு. சட்டைப்பையில் திரும்பிப் போக இரண்டு டிக்கெட், அதில் ஒன்று எனக்கு.

"பாறையும் முள்ளுமால்லா கெடக்கு. ராத்திரி டூட்டி முடிச்சு இந்த இருட்டுலயா வருவே? வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கெளம்புட்டி" என்றார்.

அவருடையது உடும்புப்பிடி. எனக்கோ முதல் வேலை, முதன்முதலாக என் கையில் ஒரு வீட்டுச் சாவி. நஸ்ரீனிடம் சொல்லி அழுதேன். "ரோனா நக்கோ" என்று என் அழுகையை அதட்டி நிறுத்திவிட்டு, அவள்தான் யோசனை சொன்னாள். பகலில் பார்த்தால் பாறைதான் தெரியும், விளக்கு போட்டபிறகு ஊரைக் காட்டு என்றாள்.

வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டால் அப்பா வரமாட்டார். போட்டோ என்றால் மறுபேச்சு கிடையாது. பவுடர் பூசி, தலை வாரி, சாயங்காலம் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த பாறை மேல் ஏறிவிட்டார். வெயில் இறங்கியும் பாறை சுட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கு முதுகைக் காட்டி, ஸ்டுடியோவில் நிற்பதுபோல் என் பக்கத்தில் மூச்சைப் பிடித்து நின்றார். விளக்குகள் படத்தில் விழ வேண்டுமானால் அரை நிமிஷம் நஸ்ரீன் கேமரா கண்ணைத் திறந்து வைக்க வேண்டும்.

"ஹில்னா நக்கோ, அங்கிள்!"

"எப்பா, அசையாதிய" என்றேன் நானும்.

அப்பாவாவது அசையாமல் இருப்பதாவது! பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது ஓரக்கண்ணில் பட்டதோ என்னவோ, திரும்பிவிட்டார். "ஏட்டி, அந்தா வரிசையா எரியுதே, அது என்ன?"

"செகந்திராபாத்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல்.

அவர் பாறையின் விளிம்புக்கே போய்விட்டார். கீழே ஷிப்டு விட்ட பஸ் தெருத்தெருவாக நின்று பெண்களை இறக்கிக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி டூட்டிக்கும் இந்த பஸ்ஸுதானா?"

"ஆமாப்பா."

"தெரு முக்குல எறக்கி விடுதானா?"

"ஆமாப்பா."

மறுநாள் காலை ஒரு டிக்கெட்டை ரத்து செய்யக் கிளம்பினார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

படம் கழுவி வந்தபோது அதில் நான் மட்டும் கல்லாக நின்றேன். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சட்டை புகையாகக் கலைந்திருந்தது. அதற்குள் செகந்திராபாத் விளக்குகள் எரிந்தன. நஸ்ரீனுக்கு முகமே செத்துவிட்டது. அப்பாவோ அதை ஊர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். "அண்ணாச்சி, இதுல நீங்க எங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான் வேடிக்கை பாத்துட்டு இருந்தேம்லா" என்பாராம்.

அந்தப் பாறையை வெடிவைத்துப் பெயர்த்துவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. நஸ்ரீன் எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியவில்லை. அப்பா போயும் வருஷங்கள் ஆகிவிட்டன. அன்று தனியாக ஊர் திரும்பியபோது, ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியே சொன்னார்: "புடிக்கலேன்னா ஒரு கார்டு போடு. வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

நான் போடவே இல்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. ஆனாலும் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் சில சாயங்காலங்களில் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இனி என்னைக் கூட்டிப்போக யாரும் ரயிலேறி வரப்போவதில்லை.