கடைசிவரை பார்த்த படம்

அக்குறணையில் மஹ்மூத் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போன எவரும் வாங்கிய பொருளோடு மட்டும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தண்ணீர்க் குழாயைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே, வந்தவரின் முகத்தை வைத்தியரைப்போல உற்றுப் பார்ப்பார். கடன்காரருக்குப் பாலைவனம், மாமியாரோடு இருப்பவருக்கு எறும்புப் புற்று என்று ஓர் ஆவணப்படத்தை அங்கேயே போனுக்கு அனுப்பிவிடுவார். இணையத்தில் சும்மா கிடைப்பவற்றில் எது முழுப்படம், எது முன்னோட்டத்தைக் காட்டி ஏய்ப்பது, எது பாதியில் வங்கி அட்டை இலக்கம் கேட்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இத்தகைய மேதையிடம் ஒரேயொரு சிறு குறை. எந்தப் படத்தையும் அவர் கடைசிவரை பார்த்ததில்லை.

பகல் சோற்றுக்குப் பிறகு, மேல்மாடியில், தண்ணீர்க் கூஜாவில் டெப் கணினியைச் சாய்த்து வைப்பார். வர்ணனையாளர் தொண்டையைச் செருமுவதற்குள் இவர் குறட்டை விடுவார். மீதியை மனைவி றம்லத் பார்ப்பாள். தேநீரோடு முடிவும் வரும்.

"கரடி குட்டியோட ஆத்தக் கடந்துட்டு. பயப்படாமச் சொல்லுங்க."

அந்த றம்லத் இப்போது மாவனல்லையில், மகள் ஜஹானாவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிருஷ்ணராஜ் வந்தார். தபாற்கந்தோரில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர். இடுப்பெலும்பு முறிந்த மனைவி லீலாதேவி பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்தார். மஹ்மூத் யோசிக்காமல் இருவாச்சிக் குருவியின் படத்தை அனுப்பினார்.

"பெட்டை பொந்துக்குள்ள போய் வாசல மண்ணால பூசிக்கும் ஐயா. ஆண்தான் வெளிய நிண்டு பழம் ஊட்டணும்."

"முடிவு எப்பிடி முதலாளி? ஆண்குருவி செத்துப்போற கதையெண்டால் காட்டேலாது. ஒப்பரேசனுக்குப் பிறகு லீலா ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லை."

"முடிவா? அருமையான முடிவு."

"அப்ப பின்னேரம் காட்டுறன்," என்று கிருஷ்ணராஜ் போய்விட்டார். அந்தப் படத்தின் முடிவை றம்லத் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போன் எடுத்துக் குருவியின் கதி கேட்க முடியாது. கடைசிக்குத் தாவிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிபாரிசு செய்கிறவருக்கென்று ஒரு மானம் இருக்கிறதல்லவா? வாழ்நாளில் முதல் தடவையாகப் பகல் சோற்றைத் தியாகம் செய்தார். உட்கார்ந்தால் ஆபத்து என்று கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே பார்த்தார்.

படத்தில் மழை பிடித்தது. ஆண் வரவில்லை. பொந்தின் இடுக்கில் பெட்டையின் அலகு நீண்டு நீண்டு உள்ளே போனது. கிருஷ்ணராஜின் இலக்கத்தைத் தேடியெடுத்து, அழுத்தாமல் வைத்துக்கொண்டார். மழை விட்டது. அப்போதும் வரவில்லை. பிறகு, நனைந்த இறகோடு, ஒரேயொரு அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஆணி வாங்க வந்தவரிடம் மஹ்மூத், "சீமெந்துத் தூசு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் மாவனல்லைக்குப் போன் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"றம்லத், ஆண் வந்துட்டு."

"எந்த ஆண்?"

அவள் பக்கத்தில் மழைச் சத்தம். அதே வர்ணனையாளரின் குரல். குடும்பக் குழுவிலும் அந்தப் படத்தைப் போட்டிருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சத்தம் சட்டென்று நின்றது.

"சொல்லுங்களே, என்ன முடிவு?" என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

அவரும் ஒன்றும் கேட்காதவர்போல முதலிலிருந்து சொன்னார். அவள் 'ம்' கொட்டிக் கேட்டாள்.

"சோறு தின்னல்லதானே?"

"இல்ல."

"அதான் முழிச்சிருந்தீங்க. போய்த் தின்னுங்க."

மறுநாள் கிருஷ்ணராஜ் எதையும் வாங்காமல் கடைக்குள் வந்து நின்றார்.

"நேற்று தொடங்கினவுடன நித்திரையாப் போயிட்டா, முதலாளி. நான்தான் கதிரையில இருந்து முழுக்கப் பார்த்தன். இண்டைக்குக் காலமை போக, 'அந்தக் குருவி திரும்பி வந்ததோ' எண்டு கேட்டா."

"நீங்க?"

"வந்திட்டுதெண்டு சொன்னன். இன்னுமொண்டு இருந்தால் தாங்கோ."

மஹ்மூத் போனை எடுத்தார். கொஞ்சம் யோசித்துத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"பொறுங்க ஐயா. ஊட்டுக்காரி வரட்டும்."