பூட்டு தன் ஃபயர்வாலைக் கழற்றிய மதியம்

பிஸ்கட் தொழிற்சாலையின் வாசலில் இருபத்தொன்பது வருடம் காவல் இருந்தவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. செல்லுபடியான பெயர் என்னவோ பூட்டுதான். லாரி டிரைவர்கள் வைத்தது. முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் துணிந்து முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. விருது கொடுத்த மாதிரி வாங்கிவைத்துக்கொண்டார்.

தகுதி இல்லாமல் இல்லை. ஒருமுறை ஒத்திகைக்கு வந்த தீயணைப்பு வண்டியை, எந்த செக்‌ஷன் கூப்பிட்டது, சீட்டு எங்கே என்று கேட்டுப் பதினோரு நிமிடம் வெளியே நிறுத்தி வைத்தார். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால் பிஸ்கட் கொஞ்சம் கூடுதலாக வெந்திருக்கும், வேறென்ன என்று பிற்பாடு சொன்னார். மேலாளர் அவரைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டு, திட்டுவதற்கு விதிப்புத்தகத்தில் இடம் தேடி, கிடைக்காமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஓய்வு பெற்றதும் ஆள் இளைத்துவிட்டார். மூன்றாவது மாடி வீட்டுக்குக் கதவு இருந்தது, தட்டத்தான் யாருமில்லை. தபால்காரர்கூடக் கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். தினமும் நூறு தடவை "முடியாது" என்று சொல்லிப் பழகிய வாயை ஒரே நாளில் மூடிவைப்பது லேசான காரியமா? சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மனைவி பழைய கம்ப்யூட்டரை மாற்றினார். மனைவிக்கு வேலை அதில்தான். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, வரி பிசகாமல் டைப் அடித்து, ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பதினான்கு வருடமாக அந்த வேலை. எந்த டாக்டர் எந்த வார்த்தையை விழுங்குவார், எவர் மருந்தின் பெயரைச் சொல்லும்போது இருமுவார் என்பதெல்லாம் அத்துப்படி. புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டிய கடைக்காரர், போகிற போக்கில் ஃபயர்வால் ஒன்றைப் போட்டுவிட்டு, "எது உள்ள வந்தாலும் வெளிய போனாலும் இனிமே உங்களைக் கேட்டுட்டுத்தான் சார்" என்றார்.

பூட்டுக்கு உயிர் வந்தது.

திரையின் மூலையில் டிங் என்று ஒரு பெட்டி எழும்பும். இன்னார் வெளியே போக வேண்டுமாம், விடலாமா கூடாதா என்று கேட்கும். மனைவிக்கு அது கொசுத்தொல்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மவுஸை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் நிரந்தரமாயிற்று. தன்னைக் கேட்காமல் இந்தக் காவலை யாரும் நிறுத்தவோ நீக்கவோ கூடாது என்று ஒரு கடவுச்சொல்லும் போட்டுக்கொண்டார். கூடவே ஒரு நீள நோட்டு. தேதி, நேரம், பெயர், வந்த காரணம், முடிவு என்று ஐந்து பத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.

அந்த நோட்டை இலக்கியம் என்று சொல்ல யாரும் முன்வராதது நம் துரதிர்ஷ்டம். "எஸ்விசிஹோஸ்ட். ஒரே ஆள், ஒரே நாளில் பதினேழு தடவை. முகவரி கேட்டால் எண்களாகச் சொல்கிறான். அனுப்பப்பட்டான்." அது விண்டோஸின் சொந்த வேலையாள் என்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு பக்கத்தில்: "பிரின்டர். தெரிந்த முகம். ஆனாலும் இவனுக்கு வெளியே என்ன வேலை? மறுப்பு." அதற்கும் கீழே: "அப்டேட் என்று ஒருவன். நானும் இந்தக் கம்ப்யூட்டர்தான் என்கிறான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்." விடலாம் என்ற முடிவு நான்கு மாதத்தில் ஆறு இடத்தில் இருந்தது. அதில் இரண்டை மறுநாளே அடித்துத் திருத்தியிருந்தார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி அந்த வாரம் குடைசாய்ந்தது. ஆவணப் பிரிவு, டைப் அடித்ததை அனுப்புவதற்குப் புதிதாக ஒரு புரோகிராம் கொடுத்திருந்தது. மனைவி திங்கட்கிழமை அதைப் போட்டார், அடித்ததை எல்லாம் அதிலே அனுப்பினார். எதுவும் போய்ச் சேரவில்லை. இரண்டு நாள் விட்டுப்பிடித்த ஆஸ்பத்திரி ஆபீஸ், வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டு மரியாதையாகவே சொன்னது: தேங்கிக் கிடக்கும் ஒன்பது கோப்பும் இன்று ஐந்து மணிக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் நாளையிலிருந்து இந்த டாக்டர்களை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கும். அப்போது மணி இரண்டு.

மனைவி இன்டர்நெட் கம்பெனியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். வயரைப் பிடுங்கி வேறு துளையில் மாட்டினார். மோடத்தை அணைத்து, மனதுக்குள் அறுபது எண்ணி, மறுபடி போட்டார். பூட்டு பக்கத்தில் நின்று வயரைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர் எந்தப் புரோகிராம் என்று கேட்டிருக்க வேண்டும், மனைவி அதன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

பூட்டின் கையிலிருந்த வயர் நழுவியது.

அடுத்த அறைக்குப் போய் நோட்டைப் புரட்டினார். இருந்தது. திங்கள், காலை பதினொன்று இருபது, மனைவி சமையலறையில் இருந்த நேரம். தன் கையெழுத்து, முத்து முத்தாக: "பெயர் புதிது. ஆஸ்பத்திரியைச் சேர்ந்ததாகச் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நிரந்தர மறுப்பு."

யோக்கியமான மனிதர்தான், ஆனாலும் முதலில் அவருக்குத் தோன்றியது காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்பதே. மனைவி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபயர்வாலின் சின்னப் படத்தை இழுத்துக்கொண்டுபோய்த் திரையிலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டார். போட்டதோடு நிற்காமல் தொட்டியையும் காலி செய்தார். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு ஆளை அவர் இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதில்லை. மனைவி வந்து மறுபடி அனுப்பினார். மறுபடி போகவில்லை. மூலையில் டிங் என்றது.

மணி இரண்டே முக்கால். மனைவி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சும்மா இருந்து பூட்டு பார்த்ததே இல்லை. அதற்குமேல் தாங்கவில்லை.

"அவன நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

"எவன?"

அவர் நோட்டைத் திறந்து மனைவிமுன் வைத்தார். மனைவி அந்த வரியைப் படித்தார். பிறகு மேலே போய் எஸ்விசிஹோஸ்ட் வரைக்கும் படித்தார். உதடு துடித்தது அழுகையிலா வேறெதிலா என்று பூட்டுக்குப் பிடிபடவில்லை.

"மூணு நாளா ஆஸ்பத்திரியை வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்க."

"காரணம் சரியா சொல்லலையே அது."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அந்தப் பத்தி நோட்டில் இல்லை என்பது அப்போதுதான் பூட்டுக்கு உறைத்தது.

மனைவி ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது ஒரு பெண், அவசரப்படாத குரல். பூட்டு தான் செய்ததை எல்லாம் ஒப்புவித்தார், குப்பைத்தொட்டி உட்பட.

"அது வெறும் பேர்ப்பலகை சார்," என்றாள் அந்தப் பெண். "ஆள் இன்னும் உள்ளதான் இருக்கார்."

மறுத்த பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதாதா என்று பூட்டு மெல்லக் கேட்டுப் பார்த்தார். பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். நானூற்றுச் சொச்சம் என்றார். நானூறா என்று அவள் ஒருமுறை திருப்பிக் கேட்டாள். பிறகு, அந்த ஃபயர்வாலையே வேரோடு எடுத்துவிடலாம், எங்கள் புரோகிராமுக்கும் அதற்கும் எப்படியும் ஆகாது, விண்டோஸோடு வந்த காவலே போதும் என்றாள். கன்ட்ரோல் பேனலில் புரோகிராம் பட்டியலைத் திறந்து, பெயரைத் தேடி, அன்இன்ஸ்டால் கொடுக்கச் சொன்னாள். கொடுத்ததும் கடவுச்சொல் கேட்டது.

பூட்டு தொண்டையைச் செருமினார். மனைவியை ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், மனைவி தட்டி முடித்துவிட்டார். அது ஏற்றுக்கொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிப்பீங்க. நாலு மாசமாத் தெரியும்."

"அப்ப நீயே எடுத்திருக்கலாமே."

"உங்களுக்கு ஒரு வேலையாச்சேன்னு விட்டு வச்சேன்."

போனில் இருந்தவள் நாகரிகமாக இருமிக்கொண்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாள்.

போட்டார்கள். டிங் சத்தம் நின்றுவிட்டது. கூடவே இன்டர்நெட்டும் நின்றுவிட்டது. முன்னே ஒன்றிரண்டாவது போய் வந்துகொண்டிருந்தது, இப்போது ஒரு ஈ காக்கை கிடையாது. மணி மூன்றரை. மனைவியின் முகம் வெளுத்தது. அந்தப் பெண் அசரவில்லை. சில ஃபயர்வால் அப்படித்தான், பெயரை எடுத்தாலும் அதன் ஒரு துண்டு நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டு எல்லாரையும் மறித்துக்கொண்டு நிற்கும் என்றாள். வேலையை விட்டும் வாசலை விடாத ஆள். அது எப்பேர்ப்பட்ட ஜாதி என்று பூட்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தத் துண்டை எடுக்க, ஃபயர்வால் செய்த கம்பெனியே ஒரு துடைப்பான் புரோகிராம் வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் நெட் இல்லாததால் மனைவியின் போனில் அதை இறக்கி, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். சேஃப் மோடில், அதாவது அவசியமானது மட்டும் ஓடும்படி, போடச் சொன்னாள். திரை முழுக்க எழுத்து பெரிது பெரிதாக, படமெல்லாம் கோணல்மாணலாக வந்தது. துடைப்பான் ஓடியது. பச்சைப் பட்டை எண்பது வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பூட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு, போயிடு ராசா, போயிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். வாழ்நாளில் இன்னொருவருக்கு வழிவிடச் சொல்லி அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

நூறு ஆனது. மிச்சமிருந்த ஃபோல்டரை அழித்து, மறுபடி அணைத்துப் போட்டு, விண்டோஸின் சொந்தக் காவல் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். போடப்பட்டிருந்தது. இன்டர்நெட்டும் வந்திருந்தது.

"இது யாரையாவது கேட்குமா?" என்றார் பூட்டு.

"எப்பவாவதுதான் சார். மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும். நீங்க உக்காந்திருக்க வேணாம்."

சுருக்கென்று குத்தும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். குத்தவில்லை. நாள் முழுக்கப் போட்டிருந்த பூட்ஸைக் கழற்றியதும் விரல்களுக்குள் காற்று புகுமே, அப்படி இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அந்த ஸ்டூலில் ஏறும்போது இடுப்பு வலித்ததை, மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடிவந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொன்னதில்லை.

மனைவி ஒன்பது கோப்புகளையும் அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "கிடைத்தது" என்று எழுந்தது. கடைசியானது எழுந்தபோது மணி நாலு முப்பத்தெட்டு. போனிலிருந்தவள் எல்லாம் வந்துவிட்டது மேடம், மேலே சொல்லிவிடுகிறேன் என்றாள். மனைவி நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பின் நடுவே பதினேழு தடவையா, பதினேழு தடவையா என்றார். பூட்டும் சிரித்துவிட்டார்.

நாளைக்கான பதிவு வந்திருந்தது, எப்போதும் வார்த்தையை விழுங்குகிற டாக்டருடையது. மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். நான் என்ன செய்யட்டும் என்று பூட்டு கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று பார்ப்பதற்காக அவர் அங்கேயே ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டினார். வெளியே இன்னும் நல்ல வெயில்.

ஐந்தே நிமிடத்தில் கிளம்பிய குறட்டை ஹெட்போனைத் தாண்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்ன ஒரு முழு வரி அதில் அடித்துக்கொண்டு போயிற்று. மனைவி பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டார், அதற்கும் ஒரு குறட்டை குறுக்கே வந்தது, மூன்றாவது தடவை இழுத்துக் கேட்டார். எழுப்பவில்லை.