வலிக்கு நான் படித்த இங்கிலீஷ்

ஸ்பிரிட் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்து அடிக்கும்... தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி அது. ஏ.எல் பரீட்சை முடித்த கையோடு எனக்கு அங்கேதான் முதல் வேலை. வருகிறவர்களிடம் வலியைக் கேட்டு இங்கிலீஷில் துண்டுச் சீட்டு எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் டிஸ்பென்சர் ஐயா யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்.

அப்போது ஒரு சொல்லை டிக்‌ஷனரி பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'எக்ஸ்குரூஷியேட்டிங்'. பொறுக்கவே முடியாத வலி என்று அர்த்தம். அதை எழுதிக் காட்ட அப்படி வலிக்கிற ஒரு ஆள் வரமாட்டாரா என்று காத்திருந்தேன்... இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் ஃபேக்டரி ஆள் ஒருவர் பல்வலியில் கூரை பறக்கக் கத்திக்கொண்டு வந்தார். சந்தோஷமாக எழுதினேன், எக்ஸ்குரூஷியேட்டிங்.

அவருக்குப் பின்னால் பக்கத்து லயத்து வரிசை வீட்டு லெட்சுமி அக்கா. பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னக்கா?"

"லேசா வயித்து வலி தங்கச்சி."

'மைல்ட்' என்று எழுதினேன். கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

பல்வலிக்காரர் உள்ளே போய் பத்து நிமிடம் இருக்காது. அக்கா பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தார்... ஓடிவந்த ஐயா அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் துண்டைப் பார்த்தார்.

லொறியில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள்.

பார்க்கப் போனபோது அழுதுகொண்டே கேட்டேன். "ஏன்க்கா லேசான்னு சொன்னீங்க?"

"வேற எப்படி சொல்றது? புள்ள பொறக்கையிலயும் அப்படித்தான் சொன்னேன். மல ஏறுறவ வலிக்குதுன்னு சொன்னா, சோம்பேறின்னுல்ல ஏசுவாங்க."

அந்தப் பதிலில் எனக்கு விழுந்த அடி இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் ஹட்டனில் நர்ஸ். வலிக்கு ஒன்றிலிருந்து பத்து வரை நம்பர் கேட்டு ஃபோமில் எழுதுகிறோம். போன வாரம் கொழுந்தெடுக்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். கையில் புது ஸ்மார்ட்ஃபோன்.

"எவ்வளவு வலிக்குது?"

"லேசாத்தான் மிஸ். ரெண்டுன்னு போடுங்க."

"எப்ப தொடங்குச்சு?"

"காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்கயில."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்துட்டுத்தான் வந்தேன்."

திடுக்கிட்டுப் போனேன். ஃபோமை ஓரமாக வைத்துவிட்டு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். டொக்டரைக் கூப்பிட நானே ஓடினேன்.