இடாப்பில் பெயர் இல்லாத மாணவி

அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்கு, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று படிப்பிப்பது லேசான தொழில் இல்லை. 2008இல் ஜெர்மனி குடியுரிமைக்குப் பரீட்சை வைத்தபோது அந்தத் தொழில் என் தலையில் விழுந்தது. ஊரில் ஒன்றரை வருடம் சமூகக்கல்வி படிப்பித்த பாவத்துக்கு, கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என்னைச் சனிக்கிழமைகளில் 'மாஸ்டர்' ஆக்கினார்கள். மொத்தம் முந்நூற்றுப் பத்துக் கேள்விகள். அதில் முப்பத்து மூன்று வரும், பதினேழு சரியென்றால் தப்பலாம். சம்பளமில்லாமல் படிப்பித்து ஏச்சும் வாங்கிய என் இனத்தவர்களே, மிச்சத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பத்துப் பெயர்

வகுப்புக்குத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைத் தந்தவர்கள் ஒரேயொரு நிபந்தனை போட்டார்கள். வருகிறவர்கள் ஒவ்வொரு கிழமையும் வரவு இடாப்பில் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் நாள் தாளைச் சுற்றுக்கு விட்டேன். பதினொரு பேர் இருந்தார்கள், பத்துப் பெயர் வந்தது. எழுதாதவர் கடைசி வரிசையில் இருந்த புனிதம் அக்கா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. கொப்பியில் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "அக்கா, உங்கட காணியை எழுதித் தரச்சொல்லிக் கேக்கேல்லை, பேரைத்தான் கேட்டனான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவ சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கொப்பியை மூடினா.

"படிக்கத்தான் வந்தனான் மாஸ்டர். பேர் எழுதோணும் எண்டால் நான் போறன்."

ஜனாதிபதிக்கு என்ன வேலை?

அந்த நேரம் அமெரிக்காவில் தேர்தல். தொலைக்காட்சி பார்த்துப் பார்த்து என் வகுப்புக்கு அமெரிக்க அரசியல் தண்ணிபட்ட பாடு. இரண்டு சபை, உச்ச நீதிமன்றம், எந்த மாநிலத்துக்கு எத்தனை வாக்கு, எல்லாம் சொல்வார்கள். தாங்கள் பிரஜையாகப் போகிற நாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் கொப்பியைப் புரட்டுவார்கள்.

அமெரிக்க ஜனாதிபதியை ஒரு பக்கமும் ஜெர்மன் ஜனாதிபதியை மறுபக்கமும் பலகையில் எழுதி விளங்கப்படுத்தினேன். இங்கே சனம் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்யும், பாராளுமன்றம் சான்சலரைத் தெரிவு செய்யும், ஜனாதிபதி சட்டங்களில் கையெழுத்து வைப்பார், விருந்தாளிகளை வரவேற்பார். பாண் தொழிற்சாலையில் வேலை செய்த யோகன் அண்ணை கையை உயர்த்தினார். "ஆளைப் பிடிச்சு உள்ளுக்குப் போட ஏலுமோ?" ஏலாது என்றேன். "ஆமியை அனுப்ப?" ஏலாது. "நீதவானைக் கலைக்க?" அதுவும் ஏலாது. அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்தினார்.

"பிறகேன் மாஸ்டர் அந்தாளை மினக்கெடுத்துறியள்? எங்கட ஊர்க் கிராமசேவகருக்கு இதைவிட அதிகாரம் இருந்தது."

நீலப் புத்தகம்

பெயர் எழுதாமலே இருந்து படிக்க நான் விட்டிருந்த புனிதம் அக்கா, ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு கைப்பையிலிருந்து தன் நீலப் புத்தகத்தை எடுத்துக் காட்டினா. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். உங்களில் பலரிடம் இருந்திருக்கும், அதிலுள்ள வசனமும் ஞாபகம் இருக்கும்: எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர.

அவவுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு தம்பி. கிளிநொச்சியில் சைக்கிள் திருத்துகிற கடை. சண்டை நெருங்க, கடையைப் பூட்டிக் குடும்பத்தோடு கிழக்கே போய்விட்டான். டெலிபோன் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. ஜெர்மன் பாஸ்போட் கிடைத்தால் தானே போய்த் தேடலாம் என்பதுதான் அவவுடைய கணக்கு. அதற்காகத்தான் ஆஸ்பத்திரி நிலம் துடைத்த கையோடு வந்து, கூட்டாட்சியையும் அடிப்படை உரிமைகளையும் பாடமாக்கினா. அது நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"அகதி கேட்டால் கலைச்சுவிடுவாங்கள் மாஸ்டர். ஜெர்மன்காரி வந்து கேட்டால் ஆரெண்டாலும் பதில் சொல்லத்தானே வேணும்?"

அப்பா சேர்ப்பித்த பெயர்

தேர்தல் பாடம் எனக்குப் பிடித்த பாடம். வாக்காளர் இடாப்பை நகரசபையே தயாரிக்கும், யாரும் போய்ப் பதியத் தேவையில்லை, கடிதம் வீட்டுக்கே வரும் என்று பெருமையாகச் சொன்னேன், ஏதோ நானே தபாலில் போடுகிறவன் போல. வாக்கு இரகசியம், ஆனால் வாக்குச்சாவடியில் நடப்பது பகிரங்கம், விரும்பியவர் இருந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். அந்த வசனத்தின் கீழே புனிதம் அக்கா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டா. பிறகு, முதல் தடவையாக வகுப்பில் ஒரு கேள்வி கேட்டா. "அந்த இடாப்பு ஆரிட்டை இருக்கும்?"

நான் பதில் சொல்ல முன்னமே அவ தன் கதையைச் சொல்லத் தொடங்கினா. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவ கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவ. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் அவவையும் தம்பியையும் இழுத்து உள்ளே ஒளித்தது. தகப்பன் கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவர். திரைச்சீலை இடுக்கால் பார்த்தபோது ஒழுங்கையில் ஒருவன் வாக்காளர் இடாப்பைக் கையில் பிடித்து, விரலால் பெயர் பெயராகத் தடவி, வீட்டைக் காட்டினான். கூட வந்தவர்கள் கொளுத்தினார்கள். தகப்பன் வெளியே வரவில்லை. இதை அவ அழாமல், கேள்விக்குப் பதில் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னா. முதல் நாள் நான் விட்ட பகிடி எனக்கு ஞாபகம் வந்தது. நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"எங்கட பேர் முதல் இடாப்பிலை விடுபட்டிருந்தது மாஸ்டர். அப்பாதான் கச்சேரிக் கந்தோருக்கு நாலுதரம் நடந்து, சண்டை பிடிச்சுச் சேர்ப்பிச்சவர்."

முகாம் தாள்கள்

தை மாதம் பரீட்சை நடந்தது. புனிதம் அக்காவுக்கு முப்பத்து மூன்றில் முப்பத்தொன்று சரி. வகுப்பில் அதுதான் ஆகக்கூடிய புள்ளி. அதே மாதம் தம்பியின் டெலிபோன் நின்றது.

வைகாசியில் சண்டை முடிந்து, தப்பிய சனத்தை முகாம்களில் அடைத்தார்கள். முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் என்று யாரோ எழுதியதைப் பிரதி எடுத்துக் கைமாறிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து மண்டபத்து மேசையில் வைத்தா. அவ அடிமட்டத்தை ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நகர்த்த, நான் வாசித்தேன். இரண்டு சனிக்கிழமை வாசித்தோம். தம்பியும் இல்லை, மனைவியும் இல்லை, இரண்டு பிள்ளைகளும் இல்லை. ஆடியில் பாஸ்போட் வந்தது. 'இலங்கை தவிர' என்ற வசனம் அதில் இல்லை. முகாமுக்குள் வெளியாட்களை விடவில்லை, எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. டிக்கெட் போடவா என்று கேட்டேன்.

"அண்டைக்கு இடாப்பிலை பேர் இருந்தது, அப்பா போனார். இண்டைக்கு இடாப்பிலை பேரில்லை. எந்த நாட்டுப் பாஸ்போட்டைக் கொண்டுபோய் ஆரைக் கேக்கிறது மாஸ்டர்?"

சின்னக் கதிரை

புரட்டாதியில் பொதுத்தேர்தல். கடிதம் அவவுடைய வீட்டுக்கும் வந்தது, பெயர், விலாசம், இடாப்பு இலக்கம் எல்லாம் எழுதி. அதை என்னிடம் கொண்டுவந்து, இதிலிருந்து பெயரை வெட்டுவதற்கு எந்தக் கந்தோரில் சந்திப்புக்கு டெர்மின் எடுப்பது என்று கேட்டா. வெட்ட ஏலாது, விருப்பமில்லையென்றால் வாக்குப் போடாமல் இருக்கலாம் என்றேன்.

பரீட்சை வருமுன்பே பிரஜையாகியிருந்த நான், ஞாயிறு மத்தியானம் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்கு வாக்குப் போடப் போனேன். சுவரோரம், ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்டப் புனிதம் அக்கா இருந்தா. காலை எட்டு மணிக்கே முதல் ஆளாக வாக்குப் போட்டுவிட்டாவாம். யாரோ கொடுத்த கோப்பி பக்கத்தில் ஆறிப்போயிருந்தது. மேசையில் ஒரு பெடிச்சி அடிமட்டத்தை வைத்து என் பெயரைத் தேடிக் கோடிட்டாள். புனிதம் அக்காவின் கண் அந்த அடிமட்டத்திலேயே இருந்தது. இடாப்பை ஆறு மாதத்தால் அழித்துவிடுவார்கள், எழும்புங்கோ, வீட்டை போவோம் என்று கெஞ்சினேன்.

"ஆரும் இருந்து பாக்கலாம் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். ஆறு மணிக்கு அதைக் கட்டிப் பூட்டுமட்டும் நான் எழும்பமாட்டன். நீங்கள் போங்கோ மாஸ்டர், இதிலை உங்கட பேரும் கிடக்கு."

மண்டபக்காரர்களுக்கு நான் கணக்காகக் கொடுத்த வரவு இடாப்பின்படி, என் பாடத்தை ஒழுங்காகப் படித்த அந்த ஒரேயொரு மாணவி ஒருநாள்கூட வகுப்புக்கு வரவில்லை.