ராஜ்ஜியத்தை ரோமுக்கு எழுதிவைத்தவன்

ஆக்லாந்து, சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு ஹென்டர்சனில் ரயில் ஏறினோம். மகன் முரளி, மருமகள் துஷ்யந்தி, நான். நகரத்துக்கு முக்கால் மணி நேரம். அங்கே பழைய நாணயக் கண்காட்சி. டிக்கெட் பத்து டாலர். காசைப் பார்க்கவும் காசா என்று கேட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கோவையில் ஒற்றை ஆளாக ஆரம்பித்த என் கிரைண்டர் கம்பெனியில் இன்று அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். எந்த உலோகத்தையும் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். இங்கே தொடவே விடவில்லை.

ஒரு வெள்ளிக் காசின் முன்னால் துஷ்யந்தி நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னாள்.

"மாமா, இது பெர்கமம் எண்ட நாட்டுக் காசு. இப்ப அது துருக்கி. கடைசி ராஜாவுக்குப் பிள்ளையள் இல்லை. சாகேக்க முழு ராஜ்ஜியத்தையும் ரோமுக்கு எழுதி வச்சிட்டாராம்."

"சண்டையில தோத்துட்டானா?"

"இல்லை மாமா, தானா எழுதினவர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோட்டை, கஜானா, குடிபடை அத்தனையும் கடல் தாண்டி இருக்கிற அந்நியனுக்கா!

"பைத்தியக்காரன்! பங்காளி ஒருத்தன்கூடவா இல்ல?" நான் போட்ட சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

துஷ்யந்தி முரளியைக் காட்டி மெல்லச் சொன்னாள்: "இவரும் உங்கட கம்பனி விஷயமா சிங்கப்பூர்க்காரரோட கதைச்சவர் மாமா."

"கதையா? சின்னதுலயே நல்லா கதை விடுவான்" என்று சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை.

முரளி தரையைப் பார்த்தான். "அவங்க ஊர்ல கதைக்கிறதுன்னா பேசறதுங்கப்பா. கம்பெனிய விக்கறதுக்குப் பேசியிருக்கேன். நான் ஊருக்குத் திரும்பி வரப்போறதில்லீங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ராஜாவுக்காவது பிள்ளை இல்லை.

"ஆனா தலைநகரத்தை மட்டும் சுதந்திரமா விடச் சொன்னவராம் மாமா." ஆறுதலுக்குத்தான் வாசித்திருப்பாள். அது எனக்குள் தைத்துக்கொண்டது.

திங்கள் மதியம், நான் கோவை திரும்ப விமான நிலையம். இரண்டு நாளாக மகனோடு பேசாதவன் வாய் திறந்தேன்.

"டேய், மெசினு, கட்டடம், என் பேரு எல்லாத்தையும் அந்தச் சிங்கப்பூர்க்காரன் எடுத்துக்கட்டும். என் ஆளுக அறுபது பேர்ல ஒருத்தன வேலைய விட்டு நிறுத்தினாலும் கையெழுத்துக் கிடையாது. சொல்லிரு."

"நீங்க விக்கமாட்டீங்கன்னு நெனச்சேங்கப்பா."

"நானும்தாண்டா நெனச்சேன்."

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். என் ஒரே வாரிசு கையாட்டிக்கொண்டிருந்தான். பதிலுக்கு ஆட்டக் கை எழவில்லை.